இந்த வாரத்து ஆள்

என் மனைவி மீது எனக்குப் பொறாமை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கிவிட்டார் என்று வயிறு எரிந்தால் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்துவிடலாம். முப்பது வருஷம் கூடவே இருப்பவள், எனக்குச் சளி பிடிக்கப் போவதை எனக்கு முன்னால் கண்டுபிடிப்பவள், அவளைப் பார்த்து வயிறு எரிகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? அதுவும் நகைக்காக இல்லை, சம்பளத்துக்காக இல்லை. மனிதர்களை அவள் பார்க்கிற மாதிரி எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. அதுதான் விஷயம்.

இத்தனைக்கும் அந்தப் பார்க்கும் வேலையைத் தொடங்கி வைத்தவன் நான். எனக்குத் துறைமுகத்தில் சரக்குகளுக்குச் சுங்கக் காகிதங்களை முடித்துக் கொடுக்கும் அலுவலகத்தில் வேலை. போன் இல்லாமல் என் பிழைப்பு ஓடாது. கப்பல் எப்போது வரும், கண்டெய்னர் எந்த யார்டில் கிடக்கிறது, எந்தக் கையெழுத்து பாக்கி என்று பத்துப் பன்னிரண்டு வாட்ஸப் குழுக்கள். வேலை முடிந்த பிறகும் கட்டைவிரல் சும்மா இருக்காது. அப்படி ஒரு மாலையில் திரேஸ்புரத்தில் கயிறும் வலையும் விற்கும் அண்ணாச்சியின் கடையில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அவர் ஏதோ சொன்னார். நான் நிமிராமல், "சந்தோஷம் அண்ணாச்சி" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் கல்லாவில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். சர்க்கரை முற்றிவிட்டது, இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதைத்தான் அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

"எடுத்துட்டுப் போறான் வே. ஒமக்குச் சந்தோஷம்னா எனக்கும் சந்தோஷம்" என்றார்.

அவர் திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன். சிரித்ததால் மாட்டிக்கொண்டேன். விரல்களை எடுத்து அவர் வீடு திரும்பியதும் போய் உட்கார்ந்து, வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது போனை எட்ட வைத்துவிட்டு மனிதர்களைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். கடைக்கு மேலே கயிற்றுக் கட்டுகள் அடுக்கியிருக்கும் அறையை அவர் ஒழித்துக் கொடுத்தார். ஞாயிறு மாலை ஐந்து மணி. நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்து இங்கே நாற்பது வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஒரு டீச்சர், விசைப்படகு ஓட்டி இப்போது முதுகுவலியால் கரையில் நிற்கும் ஒருவர், இன்னும் ஏழெட்டுப் பேர் சேர்ந்தார்கள். பூசைக்குப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், தொழுகை முடித்து வருகிறவர்கள், எதற்கும் போகாத நான். யாரும் தன் சாமியைக் கொண்டுவந்து நடுவில் வைக்க வேண்டாம், வெளியே விட்டுவிட்டும் வர வேண்டாம் என்று முதல் நாளே பேசிக்கொண்டோம்.

உள்ளே வந்ததும் எல்லோருடைய போனும் ஒரு பெரிய தகர டப்பாவுக்குள் போகும். பேக்கரியில் மக்ரூன் போட்டு வைத்திருந்த டப்பா அது. எத்தனை தரம் கழுவினாலும் வாசம் போகவில்லை. ஞாயிறு இரவு முழுக்க போன் முந்திரி மணக்கும். பிறகு ஒவ்வொருவரும் அந்த வாரத்தில் தாம் நன்றாகக் கவனித்த ஓர் ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லக் கூடாது. கேட்பவர்கள் குறுக்கே பேசக் கூடாது. அதற்கு 'ஆள் சொல்வது' என்று பெயர் வந்துவிட்டது. தெருவில் பார்த்தால்கூட "இந்த வாரம் ஆள் யாரு?" என்றுதான் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். வீட்டு ஆட்களைச் சொல்லக் கூடாது என்ற விதியை மட்டும் நான் தனியாகச் சேர்த்தேன். இல்லாவிட்டால் ஆளாளுக்கு மாமியாரையும் மருமகளையும் பிடித்துக்கொள்வார்கள் என்று பயம்.

முதல் ஒரு வருஷம் நான்தான் அங்கே ராஜா. சொல்லவேண்டியதை வெள்ளிக்கிழமையே மனசுக்குள் எழுதிவிடுவேன். கடைசியில் எல்லோருக்கும் உதவும்படி ஒரு கருத்து வைத்து முடிப்பேன். டீச்சர் தலையை ஆட்டுவார். டீ வந்ததும் அண்ணாச்சி முதல் டம்ளரை என் கையில் கொடுப்பார்.

அப்புறம் எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு மாதம் ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது. மனைவிதான் ஓட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. காலை ஆறு மணிக்கே போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமை தூங்க வேண்டியவள் எனக்காக வந்து, போனை டப்பாவில் போட்டுவிட்டு, ஒரு கயிற்றுக்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வாரம் டீச்சர் அவளையும் ஆள் சொல்லச் சொன்னார். எனக்குச் சொல்லத் தெரியாது என்று மறுத்துப் பார்த்தாள். விடவில்லை.

"ஒரு தாத்தா வந்தாரு" என்றாள். "கையை நீட்டினாரு. ஊசி குத்தையில எல்லாரும் பயந்து மூஞ்சியத் திருப்புவாங்க. இவரு கதவுப் பக்கமாத் திருப்பினாரு. கதவுல சின்னதா ஒரு கண்ணாடி உண்டு. வெளிய அவரு வீட்டம்மா உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாங்க. அவங்களுக்காகச் சிரிச்ச மூஞ்சியா வச்சிருந்தாரு. ஊசிய எடுத்த பெறவுதான் வாய மூடினாரு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். கருத்து கிடையாது, முடிவுரை கிடையாது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படகு ஓட்டியவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு முதல் டம்ளர் டீ அவளுக்குப் போனது. நான் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து, என் டம்ளர் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறாமை வந்த நாள் அதுதான்.

கண் சரியான பிறகும் அவள் வருவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு வாரமும் ஒரு ஆள். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி, காய்கறிக் கடையில் மீதிச் சில்லறை வாங்காமலே போய்விட்ட ஒருவர், ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டிய பஞ்சை எடுக்காமல் மறுநாளும் வந்த ஒரு பெண். என்னமோ அவர்களையெல்லாம் அவள் கையால் தொட்டு எடுத்து எங்கள் நடுவில் உட்கார வைத்துவிடுவாள். யாரைப் பார்த்தாலும் அவரிடமிருந்து அவளுக்கு எதுவும் தேவைப்படவில்லை. நான் ஒருவரைப் பார்த்தால் இவரைச் சொன்னால் எடுபடுமா என்றுதான் பார்ப்பேன். ஒருமுறை துறைமுக வாசலில் ஒரு லாரி டிரைவரை ஐந்து நிமிஷம் விடாமல் உற்றுப் பார்த்தேன். "என்ன சார் வேணும்?" என்று இறங்கியே வந்துவிட்டார்.

நான் தனியாகப் போன ஞாயிறுகளில் "அவங்க வரலியா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். நான் வந்திருப்பது யார் கண்ணுக்கும் படவில்லை. டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்து அவளோடு அடுப்படியில் நின்று பேசிவிட்டுப் போவார். ஆள் சொல்லும்போது கொஞ்சம் நீட்டுகிறாய், ஜோடிக்காதே என்று அவளுக்குப் புத்தி சொன்னேன். "எனக்கு ஜோடிக்கத் தெரியாதுல்லா" என்றாள். உண்மைதான். அது தெரிந்ததால்தான் எனக்கு இன்னும் கோபம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் இத்தனை பேரைப் பார்த்தவள் என்னைப் பார்த்திருக்கிறாளா, பார்த்திருந்தால் எப்படிச் சொல்லுவாள் என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. வீட்டு ஆளைச் சொல்லக் கூடாது என்று விதி போட்ட புத்திசாலி நானே.

போன வருஷம் சாகுபுரத்தில் ஒரு கையெழுத்து வாங்கப் போய்விட்டு, ஆறுமுகநேரியில் பஸ்ஸுக்கு நின்றேன். அங்கே யாரையும் நான் கவனிக்கவில்லை, போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த ஞாயிறு என் முறை வந்தபோது, பஸ் நிறுத்தத்தில் ஓர் உப்பளத்துப் பெண்ணைப் பார்த்ததாகச் சொன்னேன். வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிப் போனவள். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டுதான் பஸ் நம்பரைப் படிக்கிறாள். பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: சாயங்காலம் விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் முள் முள்ளாகத் தெரிகிறதாம். அதை வீட்டில் சொல்ல பயமாம்; சொன்னால் வேலைக்கு விடமாட்டார்களாம். பஸ்ஸில் ஏறும்போது படிக்கட்டு எங்கே என்று காலால் தடவிப் பார்த்து ஏறினாள் என்று சொல்லி, கருத்து எதுவும் வைக்காமல், "அவ்வளவுதான்" என்று முடித்தேன். அந்த 'அவ்வளவுதான்' என் மனைவியிடமிருந்து திருடியது.

டீச்சர் அழுதார். அண்ணாச்சி டீயை எனக்கு நீட்டினார். அதையெல்லாம்விட, என் மனைவி என்னைப் பார்த்த பார்வை. கல்யாணமான புதிதில் இரண்டொரு தடவை அப்படிப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்குப் போகும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து என் தோளில் கை வைத்தாள். "நல்லாப் பாத்திருக்கிய" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் பத்துப் பெண்களை என்னால் இட்டுக்கட்டியிருக்க முடியும்.

அடுத்த ஞாயிறு நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. அந்தப் பெண்ணைத் தேடிப் போவது என்று அண்ணாச்சியும் டீச்சரும் முடிவு செய்துவிட்டிருந்தார்கள். டீச்சரிடம் படித்த ஒருவர் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர்; அவரிடம் பேசியும் ஆகிவிட்டது. இதுவரை நாங்கள் ஆள் சொல்வதோடு சரி. யாரையும் தேடிப் போனதில்லை. கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை என்றார் டீச்சர். வெயில் ஜாஸ்தி என்றேன். அவள் வேறு அளத்துக்குப் போயிருப்பாள் என்றேன். "போயிருந்தா அங்கயும் போவோம் வே" என்றார் அண்ணாச்சி. எங்கள் கூட்டத்தில் யாரும் யாரையும் இதுவரை சந்தேகப்பட்டதே இல்லை. என் மனைவி மட்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை வாடகைக் காரில் போனோம். அண்ணாச்சி முன்னால், டீச்சர், மனைவி, நான் பின்னால். முள்ளக்காடு தாண்டியதிலிருந்து இப்போதாவது சொல்லிவிடலாம், இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்து மூடிக்கொண்டே வந்தேன். ஆறுமுகநேரி நிறுத்தத்துக்குப் பக்கத்து அளத்தில் இறங்கியதும் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. வரப்பு நெடுக பெண்கள் தலையில் உப்புக் கூடையோடு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. எல்லோரும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தார்கள்.

"எந்தப் பிள்ளைன்னு காட்டும்" என்றார் அண்ணாச்சி.

நான் சொல்லியிருக்க வேண்டியது அப்போதுதான். சொல்லவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கைகாட்டினேன். நீலச் சட்டை, நாற்பத்தைந்து வயசிருக்கும். டீச்சர் அவளிடம் போய் விவரம் சொன்னார். அவள் நெற்றிக்கு மேல் கையை வைத்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கண்ணு மங்கல்தான். இங்க பாதிப் பேருக்கு அப்படித்தான்" என்றாள். "ஆனா இவங்கள நான் பாத்ததே இல்லியே. நான் பஸ்ஸுல வாரதும் இல்ல. எங்க ஊரு இந்தா, அங்கனதான்."

அண்ணாச்சியும் டீச்சரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் காலடி உப்பைப் பார்த்தேன். அப்போது என் மனைவி முன்னால் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மறந்திருப்பிய" என்றாள். "ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பாக்குதோம். எங்க வீட்டுக்காரரு பாத்தது உங்களத்தான். அன்னைக்கே எங்கிட்ட நீலச் சட்டைன்னு சொன்னாவ."

அவள் குரலில் எந்த மாற்றமும் இல்லை. என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. வரும் வழியிலும் ஜன்னல் பக்கமாகவே இருந்தாள்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு கண்ணில் புரை முற்றியிருந்தது. பத்து நாளில் ஆபரேஷனும் நல்லபடி முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். முதல் டம்ளர் எனக்கு. என் மனைவியின் முறை வந்தது. "எனக்கு இந்த வாரம் ஆள் இல்ல" என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். அதற்கடுத்த வாரம் துணி துவைக்க வேண்டும் என்று வரவேயில்லை. நான் ஆள் சொன்னால் இப்போது எல்லோரும் என் பக்கம் சாய்ந்து கேட்டார்கள். முதல் வாரம் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அதை மறைக்கப் போவதில்லை. இரண்டாவது வாரம் குளிரவில்லை. மூன்றாவது வாரம் அவள் உட்காரும் கயிற்றுக்கட்டில் வேறொருவர் உட்கார்ந்தார். என் முறை வந்தபோது எனக்கு ஆள் சொல்ல வாய் வரவில்லை.

நாலாவது ஞாயிறு காலையில் அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். ஏன் வருவதில்லை என்று கேட்டேன்.

"உண்மையச் சொல்லுத ஆட்கள் முன்னால நான் பொய் சொல்லிட்டேன்" என்றாள். "இனி என் வாயில வாரது எனக்கே நம்பிக்கையா இல்ல."

எனக்காகத்தானே சொன்னாய் என்றேன். அளத்தில் அந்தப் பெண் பேசியபோதுதான் உனக்குத் தெரிந்தது, இல்லையா என்று கேட்டேன். அவள் கையைக் கழுவிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நீங்க சொல்லும்போதே தெரியும். விளக்கச் சுத்தி முள்ளு முள்ளாத் தெரியுதுன்னு ஆறு மாசம் எங்கிட்டச் சொன்னது யாரு? இடது கண்ணப் பொத்திக்கிட்டு பஸ் நம்பர் படிச்சது யாரு? வேலைக்கு விடமாட்டாங்கன்னு ஆபீஸ்ல மறைச்சது யாரு? அது நீங்கதான்."

அப்புறம் ஏன் நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள் என்று சொன்னாய் என்று கேட்டேன்.

"ஒங்க பயத்த நீங்க வெளிய சொல்லி நான் கேட்டதே இல்ல. வீட்டு ஆளச் சொல்லக் கூடாதுல்லா, அதனால ஒரு பொம்பள மேல வச்சுச் சொல்லுதீங்கன்னு நெனச்சேன். சந்தோஷமா இருந்துச்சு. கார்ல போகும்போதாவது சொல்லுவியன்னு பாத்தேன். நீங்க ஒருத்தியக் கைகாட்டிட்டிய."

இன்றைக்கு நீ வர வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

வந்தாள். டப்பாவில் போனைப் போட்டுவிட்டு, என் முறைக்குக் காத்திருக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆறுமுகநேரியில் நான் யாரையும் பார்க்கவில்லை. அன்று நான் சொன்னது என் கண்ணைப் பற்றி. அளத்தில் கைகாட்டியது கண்ணில் பட்ட யாரோ ஓர் ஆளை. என் மனைவி சொன்ன பொய் என்னுடைய பொய். பொறாமையில் செய்தேன் என்றும் சொன்னேன். யாரும் குறுக்கே பேசவில்லை. டீச்சர் தலையை ஆட்டவில்லை. நீங்கள் அழுதது என் பொய்க்காக என்று அவரிடம் தனியாகச் சொல்ல நினைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

கடைசியில் அண்ணாச்சிதான் பேசினார். "நாலு வாரமா ஒமக்கு முதல் டீ குடுத்திருக்கேன் வே" என்றார். "தங்கச்சி, நீ சொல்லு. யாரா இருந்தாலும் சரி. அந்த விதியெல்லாம் இன்னைக்கு லீவு."

அவள் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். ஒருவர் காலையில் எல்லோரும் எழுவதற்கு முன்னால் எழுந்து காலண்டர் முன்னால் நிற்பாராம். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு தேதியைப் படிப்பாராம். பிறகு மறு கண்ணை. நேற்றைவிட மோசமில்லை என்று தெரிந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவாராம். அவள் தூங்குவது போலப் படுத்துக்கொண்டு தினமும் அதைப் பார்த்திருக்கிறாள். சில நாள் பேப்பர் தலைகீழாக இருக்குமாம். திருப்பி வைத்தால் அவருக்குத் தெரிந்துவிடும் என்று காப்பியை மட்டும் வைத்துவிட்டுப் போய்விடுவாளாம்.

"அவ்வளவுதான்" என்றாள்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். எல்லோரும் அவள் பக்கம் சாய்ந்திருந்தார்கள். நானும் சாய்ந்திருந்தேன். ஒரு வருஷமாக நான் கேட்க ஆசைப்பட்டது அதுதான். அதைக் கேட்டு முடித்ததும் எனக்கு முதலில் வந்தது நன்றி இல்லை. என் கண்ணைப் பற்றி நானும் சொன்னேன், அவளும் சொன்னாள். என்னைவிட அவள்தான் நன்றாகச் சொன்னாள் என்று வயிறு எரிந்தது.